எங்கள் மனப்பாட ஆட்டம்

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் மதுரையில் செஸ் போட்டிகளுக்கு மண்டபம் கிடைக்கும். மற்ற மாதங்களில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஆடியில் மட்டும் எங்களுக்கு மாப்பிள்ளை மரியாதை. ஏசி ஓடும், குஷன் நாற்காலி இருக்கும், போன முகூர்த்தத்துத் தம்பதியின் பெயர்கள் வாசலில் தெர்மாக்கோலில் பாதி உதிர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி அந்த வருடம் அழகர்கோவில் ரோட்டில் அப்படி ஒரு மண்டபத்தில் நடந்தது. வெளியே கோயிலுக்குப் போகிற வேன்கள் கொட்டுச் சத்தத்தோடு போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வேன் போகும்போதும் நடுவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்.

நான் உசிலம்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தேழு. இருபது வருடத்துக்கு மேலாகப் போட்டிகளில் ஆடுகிறேன், ஒரு தடவைகூட மாவட்ட அணியில் இடம் கிடைத்ததில்லை. அணிக்கு நாலு பேர். நான் ஐந்தாவதாக வந்திருக்கிறேன், ஆறாவதாக வந்திருக்கிறேன், ஒரு வருடம் காய்ச்சலோடு ஆடி நாற்பதாவதாகவும் வந்திருக்கிறேன். அணியில் இருப்பவர்களுக்கு முதுகில் மதுரை என்று எழுதிய பனியன் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. என் மனைவியிடம் சொன்னால், “அம்புட்டுத்தானே, ரெடிமேட் கடையில நானே எழுதி வாங்கித் தாரேன், அதப் போட்டுக்கிட்டு வீட்டுலயே இருங்க” என்பாள். அது வேறு, இது வேறு என்று அவளுக்குப் புரிய வைக்க என்னால் முடிந்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் ஐந்து சுற்று முடிந்து ஒரே ஒரு சுற்று பாக்கி இருந்தது. மூன்று இடங்களுக்கு ஆள் முடிவாகிவிட்டது. நாலாவது இடம் மட்டும் காலி. கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். என் பெயருக்கு எதிரே அவன் பெயர் இருந்தது.

அவன் எழுமலைக்காரன். மோட்டார் பம்புசெட் மெக்கானிக். என்னைவிட ஐந்து வயது சின்னவன், என்னை அண்ணே என்பான், நான் தம்பி என்பேன். பதினெட்டு வருடமாக எங்கே போட்டி என்றாலும் அவன் எழுமலையிலிருந்து பஸ்ஸில் உசிலம்பட்டிக்கு வந்து என் கடை வாசலில் நிற்பான், அங்கிருந்து என் வண்டியில் இரண்டு பேரும் போவோம். செக்கானூரணி தாண்டுவதற்குள் பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரு தகராறு வந்திருக்கும். நாகமலை வருவதற்குள் அது தீர்ந்திருக்கும்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார நேர்ந்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. முதல் தடவை அப்படி நேர்ந்தபோது இருவருக்கும் நல்ல பசி. பதினான்கு நகர்த்தலில் டிரா சொல்லி, ஆளுக்கு அரைப் புள்ளியோடு கைகொடுத்துவிட்டு எழுந்துவிட்டோம். அடுத்த தடவையும் அதே பதினான்கு நகர்த்தல்களை அப்படியே ஆடினோம். அதற்குப் பிறகு அது எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவன் வெள்ளை என்றாலும் நான் வெள்ளை என்றாலும் அதே ஆட்டம்தான். நாலு நிமிடத்தில் முடியும். வெளியே வந்தால் புரோட்டாக் கடையில் கல் அப்போதுதான் சூடாகியிருக்கும். விதிப்படி இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் ஜெயித்து ஊரைக் கலக்குகிற ஆட்கள் இல்லை என்பதால் யாரும் எங்களைக் கேட்டதில்லை.

இதில் என் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நான் பி.பார்ம் படித்தவன், செஸ் புத்தகங்கள் அலமாரி நிறைய வைத்திருக்கிறவன். அவன் கையில் கிரீஸ் கறையோடு வந்து உட்காருகிறவன். நிஜமாக ஆடினால் நான் ஜெயிப்பேன், நம்ம பையன் என்பதால் அரைப் புள்ளியை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிறுத்தவும் இல்லை. திரும்பி வரும்போது, “இன்னைக்கும் ஒனக்கு அரைப் பாயிண்டு விட்டுக் குடுத்திருக்கேன்டா” என்று வண்டியை ஓட்டிக்கொண்டே சொல்வேன். பின்னாலிருந்து “ஆமாண்ணே” என்று பதில் வரும்.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோற்றால் எனக்குப் பேச்சு வராது. ஒரு தடவை முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றுவிட்டு இரண்டு நாள் கடையில் மாத்திரை கேட்டு வந்தவர்களிடம்கூடச் சைகையில் பேசினேன்.

அந்தக் கடைசிச் சுற்றில் எங்கள் ஏற்பாடு செல்லாது. ஜெயிக்கிறவனுக்கு அணியில் இடம். டிரா ஆனால் எங்கள் இருவருக்குமே கிடையாது. பக்கத்து போர்டில் ஆடுகிற ஒரு கல்லூரி மாணவிக்கு புள்ளி சமமானால் பார்க்கிற டை பிரேக் கணக்கில் அந்த இடம் போய்விடும். அவள் ஜெயிக்கப்போகிறாள் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுடைய எதிராளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். போதாததற்கு முப்பது நகர்த்தலுக்கு முன்னால் டிரா பேசக் கூடாது என்று அந்த வருடம் புதிதாக ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்கள்.

சுற்று தொடங்குவதற்கு முன்னால் வாசலில் டீ குடிக்கும்போது நானே பேச்சை எடுத்தேன்.

“தம்பி, இன்னைக்கு நம்ம ஆட்டம் வேணாம். நிஜமா ஆடுவோம். ஜெயிக்கிறவன் போவோம்.”

“நிஜமாவாண்ணே?”

“நிஜமாத்தான்டா.”

“கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?”

“நான் எதுக்குக் கோவிக்கப் போறேன்? நீ தோத்துப்புட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாம இருந்தாச் சரி.”

அவன் கிளாஸில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு, “சரிண்ணே” என்றான்.

அவனுக்கு வெள்ளைக் காய். கடிகாரத்தை அழுத்தினேன். அவன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினான். எங்கள் ஆட்டத்தின் முதல் நகர்த்தல். நானும் அதற்கான பதிலை ஆடினேன். இரண்டாவதும் அதே, மூன்றாவதும் அதே. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாக ஆடலாம் என்றதும் பயந்துவிட்டான், தெரிந்த வழியிலேயே பதினான்குவரை வந்துவிட்டு அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறான் என நினைத்தேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பதினான்காவதுக்கு அப்புறம் எப்படி அவனை மடக்குவது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

போர்டில் ஆடுகிற ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். எங்கள் மனப்பாட ஆட்டத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எப்படியும் அதுதானே வரப்போகிறது என்று மொத்தமாக எழுதி வைத்துவிடுவேன். அன்றைக்கும் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டே போய்விட்டது. அவனுக்கு வெள்ளை என்றால் ஒன்பதாவது நகர்த்தலில் எப்போதும் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவான். பதிலுக்கு நான் என் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அவனுடைய பிஷப்பை விரட்டுவேன். எட்டு முடிந்தது. அவன் யோசித்துக்கொண்டிருந்தான். நான் முதல் போர்டில் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கடிகாரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன், ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன், கடிகாரத்தைத் தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் போர்டைப் பார்த்தேன். அவனுடைய ஓரத்துச் சிப்பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அவனுடைய குதிரை நடுப் போர்டில் நின்றுகொண்டிருந்தது.

செஸ் தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்: அந்தக் குதிரை என் குதிரையை வெட்டி எனக்குச் செக் வைக்கும், பதிலுக்கு நான் வெட்டினால் என் ராஜாவின் முன்வாசல் திறந்துகொள்ளும், நான் இப்போது அசட்டுத்தனமாகத் தள்ளிய சிப்பாயை அவன் பிஷப் வந்து தின்றுவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்காரும். தாளைப் பார்த்தேன். அவனுடைய ஒன்பதாவது நகர்த்தல் என்று அவன் ஆடாத ஒன்றை என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தேன். தாளில் அடித்து எழுதினேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். நான் பார்க்காமலே ஆடிவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நகர்த்தலுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. கடைசியில் குதிரையை வெட்டினான், செக். நான் வெட்டினேன். பிஷப் வந்து சிப்பாயைத் தின்றது.

இன்னும் பத்து நகர்த்தலில் என் கதை முடிந்திருக்க வேண்டும். ராணியை அந்தப் பக்கம் கொண்டுவந்தால் போதும். அவன் கொண்டுவரவில்லை. சம்பந்தமில்லாத மூலையில் ஒரு யானையை இரண்டு கட்டம் நகர்த்தினான். பிறகு ஒரு சிப்பாய். பிறகு எனக்குத் தொந்தரவாக நின்ற அந்த பிஷப்பையே என்னோடு மாற்றிக்கொண்டான். எனக்கு மூச்சு வந்தது. இவனுக்குத் தாக்குதலை முடிக்கத் தெரியவில்லை, பம்புசெட் வேறு செஸ் வேறு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இருபத்தைந்தாவது நகர்த்தலில் என் ராஜா கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொண்டார், அவனுக்கு ஒரு சிப்பாய் மட்டும்தான் கூடுதல். பனியன் மறுபடியும் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

இதற்குள் அந்தக் கல்லூரி மாணவி ஜெயித்துவிட்டாள். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்களில் ஒருவன் ஜெயித்தால் அவளுக்கு இல்லை, டிரா என்றால் அவளுக்கு. பாவம், அவள் கண்ணை இமைக்காமல் நின்றாள்.

முப்பதாவது நகர்த்தலை ஆடிவிட்டு அவன் கடிகாரத்தைத் தட்டாமல் என்னைப் பார்த்தான்.

“டிராவாண்ணே?” என்றான், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவனுக்கு முடிக்கத் தெரியாமல் இல்லை. முப்பது நகர்த்தல் முடிகிறவரை காலத்தைக் கடத்தியிருக்கிறான். நான் கவனக்குறைவாக ஆடியதை வைத்து ஜெயிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதற்காகத் தன்னுடைய இடத்தையும் சேர்த்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கத் துணிந்துவிட்டான். இதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு இளகும். எனக்குக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “எழுமலையிலருந்து பிச்சை போடவாடா வந்த? நிஜமா ஆடச் சொன்னேனா இல்லையா? ஆடுறா!” என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் நாலு மேசைக்குக் கேட்டுவிட்டது. நடுவர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்து, “சார், டிரா வேண்டாம்னா வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

“வேண்டாம்” என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. உள்ளங்கைகளை பேண்டில் துடைத்துக்கொண்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பதினெட்டு வருடத்தில் அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எட்டு நகர்த்தல்தான். சம்பந்தமில்லாமல் மூலையில் நகர்த்தினான் என்று நான் நினைத்த அந்த யானை நேராக என் ராஜாவுக்கு முன்னால் வந்து நின்றது. சும்மா, இனாமாக, எடுத்துக்கொள் என்று வைத்தான். எடுத்தால் மூன்று நகர்த்தலில் மேட். எடுக்காவிட்டால் நாலில் மேட். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு தோற்கும் விதத்தை ரசிக்கிற பக்குவம் எனக்குக் கிடையாது. ஆனாலும் அந்த யானையைப் பார்த்து, அடப்பாவி, என்ன அழகாக வைத்திருக்கிறான் என்று தோன்றியது. கையை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

நான் யாரையும் பார்க்காமல் பந்தி ஹாலுக்குப் போய்விட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேசை மட்டும் நிமிர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் போர்டையும் காய்ப் பையையும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். நான் பேசவில்லை. அவன் காய்களை அடுக்கி, எங்கள் ஆட்டத்தை எட்டாவது நகர்த்தல்வரை போட்டு, குதிரையை நடுப் போர்டில் வைத்தான். கேள்வி கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“சரி, நான் பாத்து ஆடியிருந்தா?” என்றேன். “சிப்பாயத் தள்ளாம ராணிய நகத்தியிருந்தா?”

அவன் ஒரு காயை நகர்த்தினான். என் ராணிக்குப் போக நல்ல இடமில்லை.

“பிஷப்ப நகத்தியிருந்தா?”

இன்னொரு காய். அதுவும் எனக்கு ஆகவில்லை. நான் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன். எதைப் போட்டாலும் அவன் கை யோசிக்காமல் பதில் போட்டது. கடையில் பத்து மாத்திரை கேட்டால் எந்தத் தட்டு என்று பார்க்காமலே என் கை போகும், அப்படிப் போனது. ஆறாவதோ ஏழாவதோ தடவை எனக்குச் சந்தேகம் தட்டியது.

“ஏய், இத இன்னைக்குக் கண்டுபிடிச்ச மாதிரித் தெரியலையே. எப்பப் பாத்த?”

அவன் பிஷப்பைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

“மூத்தவன் பொறந்தப்பண்ணே. ஆஸ்பத்திரில அவளை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிய உக்காந்திருந்தேன், பொழுதே போகல. நம்ம ஆட்டத்த மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன். ஒம்போதாவதுல குதிரைக்கு அங்க எடம் கெடக்குறது தெரிஞ்சுச்சு.”

மூத்தவன் இப்போது ஆறாவது படிக்கிறான்.

“பதினோரு வருசமாவா?”

“ஆமாண்ணே.”

“வெள்ளை எத்தன தடவை வந்திருக்கு ஒனக்கு! ஒரு தடவகூட ஏன்டா ஆடல?”

“ஆடியிருந்தா நீங்க தோத்துருப்பீங்க. தோத்தா பேச மாட்டீங்க. உசிலம்பட்டி வரைக்கும் பேச்சில்லாம எப்படிண்ணே வாரது?”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கேலியாகச் சிரிக்கவில்லை, உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற மாதிரி. என்னால் சிரிக்க முடியவில்லை. பதினோரு வருடமாக, வெள்ளை வந்த ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையைத் தாண்டிக் கையைக் கொண்டுபோய் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறான். பிறகு என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அரைப் பாயிண்டு விட்டுக்கொடுத்தேன் என்று நான் பெருமை அடித்ததற்கெல்லாம் ஆமாண்ணே சொல்லியிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. இவனைப் போல ஒருத்தன் எனக்கு வாய்த்திருக்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுசன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே மைக்கில் அணியின் நாலு பெயர்களையும் வாசித்தார்கள். நாலாவதாக அவன் பெயர் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போடா, கூப்பிடுறாங்கல்ல” என்றேன்.

போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அதற்குள் நான் காய்களை முதலிலிருந்து அடுக்கி வைத்திருந்தேன். உசிலம்பட்டிக்குப் போக இன்னும் பொழுது இருந்தது. விரட்ட யாரும் இல்லை. எங்கள் மனப்பாட ஆட்டம் இல்லாமல் வேறு ஆட்டம் ஆடினோம், எனக்கு முப்பத்தொன்றில் மேட். காய்களை மாற்றிக்கொண்டு மறுபடியும் ஆடினோம். அதில் எனக்குக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது, பிறகு ராணி போய்விட்டது. மூன்றாவது ஆட்டத்தில் அவன் என்னை இருபதுக்குள் முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“கோவமாண்ணே?” என்றான்.

“ஆமா” என்றேன். “பயங்கரக் கோவம். காய அடுக்கு.”